பந்தலில் பிடித்த நாயனம்: காருகுறிச்சியாரின் நேரடிப் பதிவுகளைத் தேடுவோருக்கு

சங்கரன்கோவிலில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் கழுகுமலை, அதைத் தாண்டினால் கோவில்பட்டி. இந்த வழியில் எந்த ஊரில் இறங்கி, எண்பது வயதைத் தொடும் ஒருவரிடம் நாயனத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், பேச்சு சீக்கிரமே காருகுறிச்சி அருணாசலத்திடம் வந்து நிற்கும். 1921இல் காருகுறிச்சியில் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியேறியவர். 1964இல் காலமானார். நாற்பத்து மூன்று வயதுகூட நிறையாத வாழ்க்கை. அவர் பெயரில் வந்த இசைத்தட்டுகளையும், ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வரும் வாசிப்பையும் கேட்டுவிட்டு அவரைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கல்யாணப் பந்தலில் ராகம் மட்டுமே முக்கால் மணி நேரம் ஓடும். அதைக் கேட்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அன்றைக்கு டேப் ரிக்கார்டரை முடுக்கி வைத்திருக்க வேண்டும்.

அப்படி முடுக்கி வைத்தவர்களின் வீட்டைக் கண்டுபிடிப்பது, டேப்பைக் கெடுக்காமல் ஒலியை எடுப்பது, அது எந்தக் கச்சேரி என்று நிச்சயிப்பது ஆகிய மூன்றும்தான் இந்த அத்தியாயம். மூன்றாவதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

எல்லா நாட்டு இசையிலும் இந்தப் பித்து பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் நூலகராக இருந்த லயனல் மேபில்சன், 1901 முதல் 1903 வரை அரங்கத்திலேயே மெழுகு உருளையில் பாட்டுகளைப் பிடித்து வைத்தார். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, டேப் எடுக்க வரும் ரசிகர்களுக்கென்றே 1984இல் அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. ஹெவி மெட்டல் ரசிகர்கள் இதில் இன்னும் கறார். 2010இல் மறைந்த பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவின் ஒரு கச்சேரிப் பதிவு கைமாறும்போது, அது கூட்டத்துக்கு நடுவிலிருந்து எடுத்ததா, ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எடுத்ததா, வானொலியில் வந்ததா, அசலிலிருந்து எத்தனையாவது நகல் என்பதெல்லாம் கூடவே எழுதி வரும். எழுதியில்லாத பதிவை அவர்கள் சீந்துவதில்லை. நம்மிடம் இல்லாத நல்ல பழக்கம் அது. நம்மூரில் ‘காருகுறிச்சி தோடி, அருமை’ என்று உறையில் எழுதியிருந்தாலே பெரிய விஷயம்.

தேட வேண்டிய இடங்கள்

முதலில் வீடுகள். அறுபதுகளில் டேப் ரிக்கார்டர் சாதாரணப் பொருள் இல்லை. இலங்கை, மலேயா, சிங்கப்பூர் போய்வந்த குடும்பம், மில் முதலாளி, வக்கீல், டாக்டர், பெரிய சம்சாரி என்று ஊருக்கு ஒன்றிரண்டு பேரிடம் இருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் பெரிய மேளமும் வந்தது. ஆகவே ‘உங்களிடம் பழைய டேப் இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். ‘காருகுறிச்சியார் இந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார்?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் வரும். இரண்டாவதற்கு ஒரு கதை வரும். அந்தக் கதையின் வாலில் டேப் இருக்கும். ‘எங்க அப்பா வச்சிருந்தாக அண்ணாச்சி, சக்கரம் சக்கரமா. மச்சுல கெடக்கோ, எடைக்குப் போட்டாச்சோ’ என்பார்கள். அந்த மச்சில் ஏறுவதற்கு அனுமதி வாங்குவதுதான் இந்தத் தொழிலின் திறமையெல்லாம்.

அவசரப்படக் கூடாது. முதல் தடவை போகும்போது கருவி எதுவும் கொண்டுபோகாதீர்கள். கல்யாண ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். டேப் இன்னும் சில வருஷம் மச்சில் கிடந்தாலும் கிடக்கும். பந்தலில் உட்கார்ந்து கேட்டவரின் நினைவு அப்படிக் காத்திருக்காது. அன்றைக்குத் தவில் யார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் என்ன துக்கடா கேட்டார் என்பதெல்லாம் அவர் ஒருவர் வாயிலிருந்துதான் வர முடியும்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நல்ல சமயம். ஊரை விட்டுப் போன குடும்பங்கள் கோமதியம்மனைப் பார்க்கத் திரும்பி வருகிற நாட்கள் அவை. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகள் அப்போதுதான் திறக்கின்றன. தபசுக்காட்சி அன்றைக்கே போய் நிற்காதீர்கள், யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. இரண்டு நாள் கழித்துப் போனால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள்.

அடுத்து மைக் செட் கடைகள். அகூஜா ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்ட பழைய கடைக்காரர்கள், கல்யாண வீட்டில் எடுத்த டேப்பைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, அடுத்த கல்யாணத்தில் மேளம் வருவதற்கு முன் போட்டுக்கொண்டிருப்பார்கள். எண்பதுகளில் வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரிக்கார்டிங் சென்டர்களையும் விசாரியுங்கள். இவர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் நகலின் நகல். அசல் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அந்த நூலைப் பிடித்து மேலே போகலாம்.

மேளக்காரர் குடும்பங்களை வெறும் சேகரிப்பு இடமாக நடத்தாதீர்கள். அவர்கள் வீட்டில் டேப் இல்லாமல் போகலாம், ஆனால் ஒரு கீற்றைக் கேட்டதும் ‘இது அவருடைய வாசிப்பு இல்லை’ என்று சொல்லக்கூடிய காது அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எடுத்த பதிவின் பிரதி முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

டேப்பைத் தொடும் முன்

ஸ்பூல் கிடைத்ததும் பழைய இயந்திரம் ஒன்றில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சக்கரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது அசிட்டேட் டேப். தெரியாவிட்டால் பாலியெஸ்டராக இருக்கக்கூடும். அசிட்டேட் காய்ந்து நொறுங்கும். இழுத்தால் நீளாமல் பட்டென்று அறும். ஒரு விதத்தில் அது நல்லது, அறுந்த முனைகளைச் சுத்தமாகச் சேர்த்து ஒட்டலாம். பாலியெஸ்டர் அறுவதற்கு முன் நீண்டுவிடும், நீண்ட இடத்து இசை போனது போனதுதான். காடி வாசனை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்ற டேப்புகளிலிருந்து பிரித்து வைத்து, முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுபது, எண்பதுகளில் வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளில் பசை கசிந்து, ஓடும்போது கிறீச்சிட்டு ஒட்டிக்கொள்ளும். இவற்றை ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கி மீட்பது உண்டு. சமையலறை அவனில் யாரும் முயல வேண்டாம், தெரிந்த நிபுணரிடம் கொடுங்கள். அசிட்டேட் டேப்பை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் வாயால் ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும்.

வேகம் அடுத்த சிக்கல். வீட்டு டேப் ரிக்கார்டர்களில் விநாடிக்கு 19, 9.5, 4.75 சென்டிமீட்டர் என்று மூன்று வேகம் வழக்கம். ஏழு அங்குலச் சக்கரத்தில் 1200 அடி டேப் சுற்றியிருந்தால் 9.5இல் ஒரு தடத்துக்கு ஒரு மணி நேரம்தான் வரும். கச்சேரியோ மூன்று நான்கு மணி நேரம். டேப் விலை அதிகம் என்பதால் நடுவிலேயே வேகத்தைக் குறைத்துப் போட்ட பதிவுகள் உண்டு. திடீரென்று நாயனம் கீச்சுக்குரலில் பறந்தால், அந்த இடத்தில் வேகம் மாறியிருக்கிறது. வாசிப்போடு சேர்ந்து இன்னொரு வாசிப்பு தலைகீழாகக் கேட்டால், உங்கள் இயந்திரத்தின் தலைப்பு (ஹெட்) அந்த டேப்பின் தட அமைப்புக்குப் பொருந்தவில்லை. இரண்டு தடத்தையும் ஒன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பொருத்தமான இயந்திரத்தைத் தேடுங்கள்.

தனி ஆவர்த்தனம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். டேப்பை மிச்சம் பிடிக்கத் தவில் தனி வந்ததும் நிறுத்தி, பல்லவி திரும்பியதும் முடுக்குவது அந்தக் காலத்தில் நடந்ததுதான். டீன் பெனடெட்டி என்ற அமெரிக்கர் 1947-48இல் சார்லி பார்க்கரின் சாக்ஸபோன் தனியை மட்டும் பிடித்து, மற்றவர்கள் வாசித்ததை விட்டுவிட்டார். பிற்காலத்தில் எல்லோரும் அதற்காகவே அவரைத் திட்டினார்கள், அதற்காகவே கும்பிடவும் செய்தார்கள். என்னைக் கேட்டால் தவிலை நிறுத்தியது மன்னிக்க முடியாத கஞ்சத்தனம். ஆனாலும் அந்த மனிதர் நாயனத்தையாவது பிடித்தாரே.

கேசட்டானால் வேலை சுலபம். உள்ளே அழுத்துத் திண்டு கழன்றிருந்தால், திருகாணி போட்ட புதிய கூட்டுக்கு டேப்பை மாற்றுங்கள். ஒலி மந்தமாக இருந்தால், டெக்கின் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். தவிலின் வலந்தலை எந்த நிலையில் கணீரென்று கேட்கிறதோ, அதுவே அந்தக் கேசட்டுக்குச் சரியான கோணம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தலைப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்காமல் எதையும் ஓட்டாதீர்கள்.

கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. இரு தடம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 2 ஜிபி, ஒரு தடம் என்றால் அதில் பாதி. ஒலி அளவைத் தாழ்த்தி வையுங்கள். நாயனம் திறந்தவெளிக்காகச் செய்த வாத்தியம். அந்தக் காலத்து மைக்குக்குப் பக்கத்தில் நின்று வாசித்தபோதே பல பதிவுகள் கரகரத்துவிட்டன. அந்தக் கரகரப்பை இன்று எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. ஒரே கச்சேரிக்கு இரண்டு பதிவு கிடைத்தால், பந்தலின் பின்வரிசையில் எடுத்ததையே நான் தேர்ந்தெடுப்பேன். மேடையோரப் பதிவில் தெளிவு இருக்கும், பின்வரிசைப் பதிவில் உச்சஸ்தாயி உடையாமல் இருக்கும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அசல் கோப்பில் கை வைக்க விடாதீர்கள். குழந்தை அழுவதும், சமையல்காரர் கூப்பிடுவதும், மைக் செட்காரர் அறிவிப்பதும் அழுக்கு அல்ல, சாட்சியம். அடுத்த பகுதியில் அது புரியும்.

எந்தக் கச்சேரி, எந்த நாள்

உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். காருகுறிச்சி என்ற பெயருக்கு மதிப்பு ஏற ஏற, அவர் வாசிக்காத வாசிப்பெல்லாம் அவர் பெயரில் சுற்றத் தொடங்கியிருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சீடர் கணக்கில் எழுதியவர்களும் உண்டு, அதற்கு மாறாகச் செய்தவர்களும் உண்டு.

முதலில் சுருதி. ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்துக்கு மாறியபின் அவர் வழி வந்தவர்கள் இரண்டு, இரண்டரைக் கட்டையில் வாசித்தார்கள். அதற்கு முந்திய திமிரி நாயனத்தின் சுருதி நாலு கட்டைக்கும் மேலே போகும். உங்கள் பதிவு நாலு கட்டையில் ஒலித்தால், ஆள் வேறாக இருக்கலாம், அல்லது டேப் வேகமாக ஓடுகிறது. இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில் வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீத வித்தியாசம். எது என்று பார்க்க ஒரு வழி உண்டு. மின்சாரத்தில் எடுத்த பதிவில் அடியில் ஓர் இரைச்சல் முனகிக்கொண்டே இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் அந்தக் கோடு 53இல் நின்றால், டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். பழைய மின்சாரமும் கொஞ்சம் ஏறி இறங்கும், பந்தலில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்தக் கணக்கே பொய்க்கும். எனவே சின்ன வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரண்டாவது உருப்படி. கூட்டத்தில் யாரோ கேட்டு ‘சிங்கார வேலனே’ வாசித்திருந்தால், பதிவு 1962க்கு முந்தியதாக இருப்பது கடினம். ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது அந்த ஆண்டுப் பொங்கலுக்கு. படம் வந்தபின் அந்த ஆபேரி இல்லாமல் அவரைக் கூட்டம் விட்டிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டு இல்லாத முழுக் கச்சேரி கிடைத்தால், அது 62க்கு முந்தியதா என்று கூடுதலாகத் தேடுவேன். இது ஊகம்தான், ஆதாரம் அல்ல.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, கல்யாணப் பத்திரிகை. டேப்பில் மைக் செட்காரர் மணமகன் வீட்டார் பெயரைச் சொல்லியிருப்பார். அந்தக் குடும்பத்தில் பத்திரிகையோ ஆல்பமோ கிடைக்கும். பத்திரிகையில் தமிழ் வருஷம் இருக்கும். பிலவ என்றால் 1961-62, சுபகிருது 1962-63, சோபகிருது 1963-64, குரோதி 1964-65. வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், தை, மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். இதில் தடுக்கி விழுந்தவர்கள் அதிகம். குரோதி வருஷம் தை மாதக் கல்யாணம் என்றால் அது 1965. காருகுறிச்சியார் அப்போது இல்லை. டேப்பில் யார் பெயர் எழுதியிருந்தாலும் அந்தப் பந்தலில் வாசித்தது வேறு ஒருவர். அந்த வேறு ஒருவர் யார் என்று கண்டுபிடித்து அவர் பெயரைப் போடுவதும் உங்கள் கடமைதான். பெரிய பெயர் இல்லை என்பதற்காக நல்ல நாயனத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

வானொலிப் பதிவு என்றால் அறிவிப்பாளர் குரல் முன்னும் பின்னும் இருக்கும். அவர் எந்த நிலையத்தின் பெயரைச் சொல்கிறார் என்று கேளுங்கள். திருச்சி நிலையம் 1939இலேயே தொடங்கிவிட்டது. திருநெல்வேலி நிலையமோ 1963இல்தான் வந்தது. எனவே வானொலியில் அவரைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் திருச்சி, சென்னை, இலங்கை அலைவரிசைகளைத்தான் திருகியிருக்க வேண்டும்.

இப்படித் தெரிந்ததையெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, ஒலிக்கோப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கலைஞர், தவில், இடம், நாள், அந்த நாள் எப்படித் தெரிந்தது, டேப் யாரிடமிருந்து, அசலா நகலா, எந்த இயந்திரம், எந்த வேகம், வேகத்தைத் திருத்தினீர்களா. உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கோப்பின் எம்டி5 எண்ணையும் குறித்து வைத்தால், பத்து வருஷம் கழித்துக் கோப்பு சிதைந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சட்டமும் மரியாதையும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு, நிகழ்த்தும் கலைஞரின் உரிமை 50 ஆண்டு. கல்யாண வீட்டு டேப் எங்கும் வெளியிடப்படாதது என்பதால் கணக்கு அவ்வளவு நேரானது அல்ல. சொந்தமாகக் கேட்கவும் ஆராயவும் தடையில்லை. விற்பதாக இருந்தால் வக்கீலைப் பாருங்கள். என் கருத்து, விற்கவே கூடாது. டேப் கொடுத்த வீட்டுக்கு ஒரு பிரதி, அசலும் அவர்களுக்கே. ஆளைப் பார்த்து ஆசை காட்டி அசலை வாங்கி வந்து பதுக்குபவர்களால்தான், அடுத்து போகிறவருக்குக் கதவு திறப்பதில்லை.

இன்னொரு பிரதியைப் பொது இடத்தில் வையுங்கள். சென்னையில் 1980இல் தொடங்கிய சம்பிரதாயா இப்படிப்பட்ட நேரடிப் பதிவுகளுக்காகவே ஏற்பட்டது. 1982இல் தொடங்கிய, அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் இசையியல் ஆவணக்காப்பகம் குருகிராமில் இருக்கிறது. தேடும்போது நாயனத்தோடு வில்லுப்பாட்டு, கணியான் கூத்து டேப்புகளும் உங்கள் கையில் வந்து விழும். அவற்றை ஒதுக்காமல், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திடம் விசாரியுங்கள்.

சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், கழுகுமலை வட்டாரத்தில் உங்கள் வீட்டு மச்சில் ஸ்பூல் சக்கரம் ஏதாவது கிடந்தால், ஒரு வேண்டுகோள். ஓட்டிப் பார்க்க வேண்டாம், வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். உறையோடு எடுத்து, ஈரமில்லாத அலமாரியில் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அது எந்தக் கல்யாணம் என்று இன்றைக்கே கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி அந்த உறைக்குள் போட்டுவிடுங்கள்.